பொங்கலுக்கு முந்தின கப்பல்

பியூலா பேரம் பேசாமல் எதையாவது வாங்கியதாகக் குரோம்பேட்டையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கத்தரிக்காயிலிருந்து கட்டில் வரைக்கும் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த மேஸ்திரி, "டீச்சரம்மா, உங்ககிட்ட பேசிக்கினு நிக்கிற நேரத்துல நாலு செவுரு சும்மாவே அடிச்சிட்டுப் பூடலாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். அவள் கணவன் தனசிங்குக்கு இதில் கொஞ்சம் வெட்கம். அவள் கடைக்காரரிடம் வாயைத் திறந்தால் போதும், இரண்டு கடை தள்ளிப் போய்ச் சுவரொட்டி பார்க்க ஆரம்பித்துவிடுவான். தனசிங்கின் பெரியண்ணன் தேவானந்தத்துக்கு வெட்கமெல்லாம் இல்லை, எரிச்சல்தான். வங்கியில் அதிகாரியாக இருப்பவர். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வதுதான் மரியாதை என்று நினைப்பவர். "நம்ம குடும்பத்துல இப்படி யாரும் கிடையாதுப்பா" என்று தம்பியிடம் அவ்வப்போது சொல்லி வைப்பார், பியூலா காதில் விழும்படியாக.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் ஐப்பசி மாதம். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் மேற்குத் தாம்பரத்தில் தேவானந்தம் வீட்டில் கூடினார்கள். போர்ட் பிளேரிலிருந்து நல்ல செய்தி வந்திருந்தது. அங்கே வேலையில் இருக்கும் இரண்டாவது சகோதரன் யேசுதாசன் தன் ஒரே மகள் ஜெயசீலிக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தான். தேதியை மட்டும் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டிருந்தான்.

"கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட வச்சிடலாம். எல்லாருக்கும் லீவு" என்றார் தேவானந்தம்.

அவர் முன்கூட்டியே தசரதனை வரச் சொல்லியிருந்தார். தாம்பரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை போட்டு டிராவல்ஸ் நடத்துகிறவன். பவளம் லைன்ஸ் என்று ஒரு தனியார் கம்பெனி அப்போது சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே ஒரு கப்பல் விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது அவன் தொழில்களில் ஒன்று.

"கிறிஸ்மஸ் டைம் சார், கப்பல்ல எடம் கெடைக்கிறதே பேஜாரு" என்றான் தசரதன். "உங்களுக்காவ சொல்றேன். தலைக்கு மூவாயிரத்து எரநூறு. போவ வர."

எல்லோரும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார்கள். குடும்பத்தில் மொத்தம் பத்துப் பேர். தேவானந்தம், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள், பள்ளிக்கூடம் போகும் கடைக்குட்டிப் பெண். தனசிங், பியூலா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அப்புறம் அருள்மேரி.

அருள்மேரி தேவானந்தத்துக்குத் தங்கை, தனசிங்குக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன வீட்டில் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். யேசுதாசனின் முதல் மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்தபோது, துணியில் சுற்றிய குழந்தையை மருத்துவமனையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். ஜெயசீலிக்குப் பால் புகட்டியது, பள்ளியில் சேர்த்தது, அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அவள். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது யேசுதாசன் மறுமணம் செய்துகொண்டு மகளை அந்தமானுக்கு அழைத்துப் போனான். அதற்குப் பிறகு அத்தையும் பெண்ணும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

தேவானந்தம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு பேர் போவோம். நானும் அவளும், தனசிங்கு, பெரிய பையன் ஒருத்தன். மத்தவங்க இங்க இருந்து ஜெபம் பண்ணிக்கட்டும்."

"அண்ணி?" என்று அருள்மேரியைக் காட்டிக் கேட்டாள் பியூலா.

"அவளுக்கு முட்டி வலி. கப்பல்ல ஏறி இறங்க முடியாது."

அருள்மேரி சிரிக்க முயன்றாள். "ஆமா பியூலா. நான் போய் என்ன பண்ணப் போறேன். அவங்க போட்டோ எடுத்துட்டு வருவாங்கல்ல."

பியூலா அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் இருந்தாள் என்பதையே தனசிங் கவலையோடு கவனித்தான்.

இரண்டு நாள் கழித்து ஏதோ ஜாக்கெட் விஷயமாகப் பியூலா அருள்மேரி வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே கிடந்தது. அருள்மேரி மேஜையில் ஒரு புகைப்படத்தை வைத்து, அதன் மேல் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலி ஒரு வேலி ஓரம் நிற்கும் படம். பக்கத்தில் வெள்ளைப் பட்டுத் துணி வெட்டாமல் கிடந்தது.

"கல்யாண ஜாக்கெட் நான்தான் தைக்கணும்னு எழுதியிருக்கா" என்றாள் அருள்மேரி. "வேலிக் கம்பு மூணடின்னு வச்சிக்கிட்டா தோள் எவ்வளவு வரும்னு பாக்கறேன். நான் அனுப்பும்போது ஒல்லியா இருந்தா. இப்ப எப்படி இருக்காளோ."

பியூலா அந்த நாடாவை வாங்கிச் சுருட்டி வைத்தாள். "அளவு எடுத்துத் தைக்கலாம் அண்ணி. துணியை அப்படியே வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தை மறந்து வெளியே வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவள் பீச் ஸ்டேஷனில் இறங்கி, துறைமுகத்தை ஒட்டிய தெருவில் பவளம் லைன்ஸ் அலுவலகத்தைத் தேடிப் பிடித்தாள். எந்தச் சாமானையும் அது முதலில் வந்து இறங்குகிற இடத்தில் விசாரிக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. உள்ளே நுழைந்ததும் சுவரில் கட்டணப் பலகை தொங்கியது. விடுமுறைக் காலம், போக வர இரண்டாயிரத்து எழுநூறு. சாதாரணக் காலம், இரண்டாயிரத்து நூறு. பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் பாதி.

தசரதன் தலைக்கு ஐந்நூறு ரூபாய் மேலே வைத்திருந்தான். பியூலாவுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. இறங்கக்கூடிய விலை என்று தெரிந்துவிட்டதே! ஆனாலும் பலகை விலைக்கே போனாலும் பத்துப் பேர் போக முடியாது. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, கிறிஸ்துமஸ் வாரத்தில் படுக்கை இடங்கள் எல்லாம் போய்விட்டன, அறைகள்தான் மிச்சம், அவை இன்னும் விலை என்றார்.

திங்கட்கிழமை காலை பியூலா வழக்கம்போல் குரோம்பேட்டையில் ரயில் ஏறினாள். அவள் ஆசிரியையாக இருந்த பள்ளிக்கூடம் ஊரப்பாக்கத்தில். சென்னைக்கு வேலைக்குப் போகிற கூட்டம் எல்லாம் எதிர்த் திசையில் போகும். அவள் ஏறும் பெட்டியில் எப்போதும் ஜன்னல் ஓரம் கிடைக்கும். அன்றும் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாம்பரம் தாண்டி, மழையில் நிரம்பிய பீர்க்கன்கரணை ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. எதிரே ஒரு ரயில் கடந்தது. வாசலில் ஆட்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு போனார்கள். அந்த ரயிலும் இதே மாதிரி காலியாக வந்துதான் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகிறது என்று சும்மா நினைத்தாள்.

நினைத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தமானில் இருப்பவர்களில் எத்தனையோ பேர் நம் ஊர்க்காரர்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருவார்கள். வருகிற கப்பல் நிரம்பி வழியும். அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போகிற கப்பலில் யார் போவார்கள்? பொங்கலன்று வீட்டை விட்டு யார் கடலில் கிடப்பார்கள்?

அன்று மாலையே ஊரப்பாக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து யேசுதாசனின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கேட்டது.

"பொங்கல் முன்னாடியா? இங்கேருந்து வர்றதுக்கு எடமே கிடைக்காது பியூலா. அடிதடிதான். போன வருஷம் நானே வர முடியல."

"அங்கேருந்து வர்றதை விடுங்க. இங்கேருந்து அங்க போறது?"

"அது வெறும் கப்பலா வரும். காய்கறி மூட்டைதான் ஏறி வரும். பண்டிகைக்கு அந்தப் பக்கம் போனவங்களைத் திரும்ப அழைச்சிட்டு வரணும்ல, அதனால இங்க வந்துட்டு மறுபடியும் வெறுமனே போகும். நடுவுல ஒரு நடை முழுக்க நஷ்டம்னு துறைமுகத்துல பேசிக்குவாங்க."

பியூலா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். போகும்போதும் காலி, வரும்போதும் காலி. "கல்யாணத்தைப் பொங்கல் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல வைக்க முடியுமா? மாப்பிள்ளை வீட்ல ஒத்துப்பாங்களா?"

"அவங்களுக்கு ஜனவரின்னா இன்னும் சௌகரியம். அண்ணன்தான் டிசம்பர்னு சொன்னாரு. அவரு சரின்னா எனக்குச் சரி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அக்கா வருவாளா பியூலா? ஜெயசீலி தினமும் கேக்கறா" என்றான்.

"வருவாங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் இன்னும் ஒரு டிக்கெட்கூடக் கையில் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

தேவானந்தத்திடம் பேசுவது கப்பல் கம்பெனியிடம் பேசுவதைவிடக் கடினம். தனசிங் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றான். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நான் வச்ச தேதியை மாத்தச் சொல்றியா?" என்றார்.

"ஆமா அத்தான்."

"எதுக்கு? பேரம் பேசறதுக்கா? கப்பல் டிக்கெட்டுல யாராவது பேரம் பேசுவாங்களா? கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும். நாலு பேர் போறதுக்கு நீங்க எடுத்து வச்ச பணம் எவ்வளவோ, அந்தப் பணத்துல நாம பத்துப் பேரும் போயிட்டு வந்தா தேதியை மாத்துவீங்களா?"

தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றினார். நாலு பேர் பணத்தில் பத்துப் பேர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நடந்தா மாத்திக்கலாம். நடக்காது."

"அப்ப சரி" என்றாள் பியூலா. வெளியே வந்ததும் தனசிங், "என்ன தைரியத்துல சொன்ன?" என்று கேட்டான். "தெரியல" என்றாள் உண்மையாகவே.

மறுவாரம் அவள் லீவு போட்டுவிட்டுப் பவளம் லைன்ஸ் மேலாளரைப் பார்க்கப் போனாள். இந்த முறை தனசிங்கும் கூட வந்தான். மேலாளர் ராஜகோபாலன் ஐம்பது வயதுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை. மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னக் கப்பல். முகத்தில் பல வருடமாகக் கணக்குப் பார்த்த களைப்பு.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி கிளம்பற கப்பல்ல பத்துப் பேருக்கு இடம் வேணும் சார்" என்று ஆரம்பித்தாள்.

"தாராளமா. கவுண்டர்ல கட்டிடுங்க. ரெண்டாயிரத்து நூறு."

"ஆயிரத்து ஐந்நூறு தரேன் சார்."

ராஜகோபாலன் காது சரியாகக் கேட்கவில்லையோ என்பது போலத் தனசிங்கைப் பார்த்தார். தனசிங் கண்ணாடிப் பெட்டிக் கப்பலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், இது கொத்தவால் சாவடி மார்க்கெட் இல்ல."

"தெரியும் சார். அங்க மிஞ்சின மூட்டையை மறுநாள் காலையில வந்து விக்கலாம். உங்க கப்பல் கயித்தை அவுத்துட்டா அப்புறம் அந்தக் கட்டிலை யாருக்கு சார் விப்பீங்க?"

ராஜகோபாலன் பேனாவை மூடி வைத்தார். பியூலாவுக்கு அந்த அசைவு தெரியும். எந்தக் கடையிலும், வியாபாரி கையிலிருப்பதைக் கீழே வைத்தால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

"போன பொங்கலுக்கு அந்த நடையில எத்தனை பேர் சார் போனாங்க?"

"அதெல்லாம் சொல்ற வழக்கமில்ல."

"காய்கறி மூட்டைதான் போச்சுன்னு கேள்விப்பட்டேன். நீங்க இங்கேருந்து காலியா போய், அங்கேருந்து காலியா திரும்பி வரணும். ரெண்டு தடவையும் டீசல் எரியும், சமையல்காரருக்குச் சம்பளம் போகும். நாங்க அதே கப்பல்லதான் போறோம், அதே கப்பல்லதான் திரும்பறோம். உங்களுக்கு வர வேண்டிய ஒரு பயணியோட இடத்தையும் நாங்க எடுத்துக்கல சார். ஏஜெண்டுக்கு நீங்க கமிஷன் தர வேண்டியதில்லை. பணம் முழுசா முன்னாடியே கட்டிடறோம்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தனசிங் கப்பலை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். பதினாறு வருடத்தில் அவள் பேரம் பேசும்போது அவன் விலகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை. அவள் குரல் உயரவே இல்லை. கெஞ்சவும் இல்லை.

"யாருக்கு மேடம் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார் ராஜகோபாலன்.

பியூலா அதுவரை சொல்லாததைச் சொன்னாள். பொறந்த அன்னிக்கே ஒரு பொண்ணைக் கையில வாங்கி வளத்த ஒருத்தி இருக்கா சார், அந்தப் பொண்ணு கல்யாணத்தைப் போட்டோவில பாக்கப் போறா, அது நடக்கக் கூடாது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் மாறியிருந்தது. "பத்துப் பேருக்காக நான் விலையைக் குறைக்க முடியாது. மேலிடத்துல என்னைக் கேப்பாங்க. இருபது பேர் சேர்ந்து ஒரு கூட்டமா வந்தா குறைக்கிற அதிகாரம் என் கையில இருக்கு. இருபது பேரைக் கொண்டு வாங்க. ஆயிரத்து ஐந்நூறு. அடுத்த சனிக்கிழமைக்குள்ள."

"பசங்களுக்கு அதுல பாதி?"

"பாதி."

"இருபது பேர்னா படுக்கைக் கூடம் வேண்டாம் சார். அறையா குடுத்துடுங்க. அதுவும் காலியாத்தானே கிடக்கும்?"

ராஜகோபாலன் வாய்விட்டுச் சிரித்தார். "முதல்ல ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க மேடம்."

இன்னும் பத்துப் பேர். பியூலா பள்ளி ஆசிரியைகளிடம் கேட்டாள். பொங்கலுக்கு வீட்டில் இல்லாவிட்டால் மாமியார் தொலைத்துவிடுவாள் என்றார்கள். தெருவில் கேட்டாள். ஆசை எல்லோருக்கும் இருந்தது, லீவு யாருக்கும் இல்லை. புதன்கிழமை வரை ஒருவரும் சேரவில்லை. தனசிங்தான் அஸ்தினாபுரம் சர்ச் பாடகர் குழுவை ஞாபகப்படுத்தினான். அருள்மேரி பல வருடம் அந்தக் குழுவில் பாடியவள். ஜெயசீலியைச் சின்னப் பெண்ணாக அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை ஒத்திகையின்போது பியூலா போய் நின்றாள். விவரத்தைச் சொன்னாள். விலையைச் சொன்னதும் ஆர்மோனியம் நின்றது.

"கப்பல்ல அந்தமானா? இந்த விலைக்கா?" என்றார் சவுரிமுத்து. ஓய்வுபெற்ற தபால்காரர், குழுவில் கட்டைக்குரல். "பெங்களூரு போயிட்டு ஓட்டல்ல தங்கினாலே இதுக்கு மேல ஆயிடுமேம்மா."

"சாப்பாடும் இதுலயே சேர்த்தி" என்றாள் பியூலா.

அங்கேயே எட்டுப் பேர் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை வரை எட்டு எட்டாகவே நின்றது. இன்னும் இரண்டு பேர். பியூலா பேர்ப் பட்டியலைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தாள். தாம்பரத்தில் தேவானந்தம் வீட்டுத் தொலைபேசி மேல் அவர் ஒரு கையை வைத்துக்கொண்டு யேசுதாசனுக்கு டிசம்பர் தேதியை உறுதி சொல்லக் காத்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் தசரதன் சைக்கிளைப் பியூலா வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

"இன்னா டீச்சர், என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! தாம்பரம் பூரா உங்க பேச்சுதான். கப்பல் கம்பெனி மேனேசரையே மடக்கிட்டாங்களாம்னு."

"தலைக்கு ஐந்நூறு ஏத்தினீங்களே தசரதன், அதைப் பத்தி முதல்ல பேசலாமா?"

தசரதன் தலையைச் சொறிந்தான். "வுடுங்க டீச்சர். வந்த விசயத்த சொல்றேன். என்கைல ஒரு பார்ட்டி கீறாங்க. ரிட்டையர்டு ரயில்வே ஆபீசரு, யக்ஞநாராயணன்னு பேரு. புருசன் பொஞ்சாதி ரெண்டே பேரு. பசங்க எல்லாம் வெளிநாட்ல. பண்டிகை அன்னைக்கு வூட்ல தனியா குந்திகினு இன்னா பண்றது, கப்பல்ல போவலாம்னு மூணு வருசமா கேட்டுகினு கீறாரு. உங்க ரேட்ல அவங்கள சேத்துக்குவீங்களா?"

பியூலா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு ஒரு தேவதூதன் வந்திருந்தாலும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். "சேத்துக்கலாம். ஆனா அவங்ககிட்ட நீங்க ஒரு பைசா மேல வாங்கக் கூடாது."

"ஒரு அம்பது?"

"ஒரு பைசா."

"சரி டீச்சர்" என்றான் தசரதன் பரிதாபமாக. அவன் தெரு திரும்பியதும் பியூலா உள்ளே ஓடி வந்து, ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்த தனசிங்கின் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தாள். பிள்ளைகள் பயந்தே போனார்கள்.

சனிக்கிழமை ராஜகோபாலன் இருபது பேரையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம் என்பதால், குடும்பத்துப் பத்துப் பேருக்கும் சேர்த்து வந்த தொகை, தசரதன் நாலு பேருக்குச் சொன்னதைவிட ஐம்பது ரூபாய் குறைவு. அன்று மாலை தேவானந்தம் ரசீதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துப் போர்ட் பிளேருக்குப் பேசினார். "யேசு, தேதியை ஜனவரிக்கு மாத்திடு. நாங்க எல்லாரும் வரோம். ஆமா, எல்லாரும். அருள்மேரியும்தான்." ரிசீவரை வைத்த பிறகு தன் மனைவியிடம், "பெட்டியெல்லாம் பரண்ல இருக்கா பாரு" என்றார். அவருடைய அகராதியில் அதுதான் மன்னிப்பு.

கிளம்புகிற நாளன்று துறைமுகத்தில், எதிர்பார்த்தபடியே, இறங்கிய கூட்டம் போன சுவடுதான் இருந்தது. அறுந்த கயிறு, பழத்தோல், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. ஏறுவதற்கு நின்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஏணிப்படியில் அருள்மேரியைத் தேவானந்தத்தின் இரண்டு பையன்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழியில் அவள் நின்று, "என்னை விடுங்கடா, நானே ஏறுறேன்" என்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.

அறைகள்தான் கிடைத்தன. வட்டக் கண்ணாடி ஜன்னலும், வெள்ளை விரிப்பும், குழாயில் வெந்நீரும் உள்ள அறைகள். பிள்ளைகள் ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்த்தார்கள். காலியான மேல்தளம் முழுவதும் அவர்கள் ராஜ்யம் ஆனது. கரை மறைந்ததும் தேவானந்தத்துக்குத் தலை சுற்றியது. ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தார். எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் பியூலா. அவர் வாங்கி முகர்ந்துவிட்டு, "உனக்கு எப்படித் தோணுச்சு, அந்தக் கப்பல் காலியா போகும்னு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "நானும் முப்பது வருஷமா அதே ரயில்லதான் போறேன், தொங்கிக்கிட்டு" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

பொங்கல் கடல் நடுவில் வந்தது. யக்ஞநாராயணனின் மனைவி சுந்தரவல்லி கப்பல் சமையலறைக்குள் புகுந்து, முந்திரி நெய் எல்லாம் கேட்டு வாங்கி, பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். பால் பொங்கியபோது சமையல்காரர்கள், மாலுமிகள், பாடகர் குழு எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டதில் கேப்டனே எட்டிப் பார்த்தார். மேல்தளத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். சுற்றிலும் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. சவுரிமுத்து இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இந்த மாதிரி ஒரு பண்டிகை நான் கண்டதில்லம்மா" என்றார். பார்க்கிற பயணிகளிடம் எல்லாம் தேவானந்தம், "நீங்க என்ன விலை குடுத்தீங்க?" என்று கேட்டு, அவர்கள் சொன்னதும், "அப்படியா!" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வதைத் தனசிங் மனைவிக்குச் சாடை காட்டினான்.

மறுநாள் காலை பச்சையாகத் தீவு தெரிந்தது. துறையில் யேசுதாசன் நின்றான். அவன் பக்கத்தில் மஞ்சள் சேலையில் உயரமாக ஒரு பெண். ஏணி சரியாகக் கட்டி முடிவதற்குள் அவள் காவலரைத் தாண்டி ஓடி வந்துவிட்டாள். அருள்மேரி கடைசிப் படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள். தோளுயரத்தில் அனுப்பிய பிள்ளை இப்போது தன்னைவிட ஒரு சாண் உயரம். "அத்தை" என்று சொல்லிக்கொண்டு ஜெயசீலி குனிந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அருள்மேரி அவள் தோளையும் முதுகையும் தடவித் தடவிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் யாரும் அவசரப்படவில்லை.

அன்றும் மறுநாளும் யேசுதாசன் வீட்டுத் தையல் மிஷின் ஓய்ந்ததே இல்லை.

கல்யாண நாளன்று சர்ச்சில் பெண் வீட்டார் பக்கம் மூன்று வரிசை நிரம்பியிருந்தது. போர்ட் பிளேரில் ஜெயசீலிக்குச் சொந்தம் என்று தகப்பனும் சின்னம்மாவும்தான் என்று நினைத்திருந்த ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அஸ்தினாபுரம் பாடகர் குழு எழுந்து நின்றது. சவுரிமுத்துவின் கட்டைக்குரல் ஆரம்பித்தது, மற்ற ஏழு குரலும் சேர்ந்துகொண்டன.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். யேசுதாசன் மகளின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இடக்கையை ஜெயசீலி தன் அத்தையின் கைக்குள் கோத்திருந்தாள். வழக்கத்தில் இல்லாத காரியம். போதகர் முதல்நாளே சம்மதித்துவிட்டார். அருள்மேரி முட்டி வலியை மறந்து, தலையை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியாக நடந்து வந்தாள். தேவானந்தம் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

பியூலாவுக்குப் பாட்டு தெரியும். பாட வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. பக்கத்தில் நின்ற தனசிங் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கும் சேர்த்து உரக்கப் பாடினான்.